மூலை வெட்டிய சிவப்பு அட்டை

அண்ணி: அந்தக் கட்டு மேல உக்காராத. அது கோப்பு, முக்காலி இல்ல.

எறும்பு: உக்காரல அண்ணி… சும்மா சாஞ்சேன்.

அண்ணி: சாயவும் கூடாது. உள்ள இருக்கிறது ஒரு நோயாளியோட பதினோரு வருஷம்.

எறும்பு: சரி, நிக்கிறேன். இந்தாங்க, உங்க கண்ணாடி. வீட்டுல மேசை மேலயே வச்சுட்டு வந்துட்டீங்க.

அண்ணி: இதக் குடுக்கவா ஆஸ்பத்திரி வரைக்கும் வந்த? அப்ப என் மூக்கு மேல இருக்கிறது என்ன?

எறும்பு: …அது பழசு.

அண்ணி: உன் கையில இருக்கிறதுதான் பழசு.

எறும்பு: நாத்தனார் வந்திருக்கா, ஒரு நாற்காலி போடலாம்ல? அண்ணன்கிட்ட சொல்றேன் பாருங்க.

அண்ணி: சொல்லு. உங்க அண்ணனே இந்தப் பதிவறைக்கு வந்தா நின்னுக்கிட்டுதான் பேசுவாரு.

எறும்பு: இன்னைக்கு மூணு மணிக்குத்தானே கமிட்டி கூடுது?

அண்ணி: அப்படி வா வழிக்கு. எறும்பு ஒரு வீட்டுக்குள்ள வந்தா சர்க்கரை டப்பாவைப் பாத்துத்தான் வரும்.

எறும்பு: சும்மா கேட்டேன். கோப்பு தேடுற சாஃப்ட்வேர்ல எதை வாங்கப் போறாங்கன்னு முடிவாயிடுச்சா?

அண்ணி: மாடியில நாலு பேரு உக்காந்து பேசிக்கிட்டிருக்காங்க.

எறும்பு: நாலா? உங்களோட சேத்து அஞ்சுன்னு சொன்னீங்களே.

அண்ணி: எனக்கு இங்க வேலை இருந்துச்சு.

எறும்பு: ஒரு வருஷமா நீங்க கேட்டுக் கேட்டு வாங்கப் போற சாமான். அதை விட என்ன வேலை?

அண்ணி: மார்க்கைப் போட்டு, உறையில வச்சு ஒட்டிக் குடுத்துட்டேன். அப்புறம் என் வாய் எதுக்கு அங்க? ஏய், அந்த சிவப்பு அட்டைய உருவாத.

எறும்பு: பாத்துட்டு வச்சிடறேன்…

அண்ணி: அந்த இடத்துல இருந்த கோப்பு இப்ப எலும்பு வார்டுல இருக்கு. யார் எடுத்தா, எப்ப எடுத்தா, எங்க கொண்டு போனான்னு சொல்றதுக்கு அந்த அட்டை ஒண்ணுதான் சாட்சி. அதையும் நீ உருவிட்டா அந்தக் கோப்பு அநாதை.

எறும்பு: மூலை வெட்டினது. இதெல்லாம் நான் வெட்டினதா இருக்கும்ல? எட்டாவது லீவு முழுக்க இங்கதானே உக்கார வச்சீங்க.

அண்ணி: உக்கார வச்சேனா? வீட்டுல இருந்தா வெயில்ல சுத்துவன்னு உங்க அம்மா என் தலையில கட்டினாங்க. இந்த வரிசையில பாதி நீ வெட்டினது. பாத்தாலே தெரியும்.

எறும்பு: பாத்தா எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு.

அண்ணி: தெரியும்.

எறும்பு: விளக்கு இல்லாத வரிசையிலயும் விரல் தானா கண்டுபிடிக்கணும், அதுக்குத்தான் வலது பக்க மேல் மூலைன்னு சொல்லிச் சொல்லி வெட்ட வச்சீங்க. சரி… மார்க்கு. எதுக்கு எவ்வளவு போட்டீங்க?

அண்ணி: ஒட்டின உறைக்கு வாய் கிடையாது.

எறும்பு: நான் என்ன போட்டிக் கம்பெனியா? கடைச் சரக்கு எந்த அலமாரியில இருக்குன்னு பாக்குற சாஃப்ட்வேர் எழுதறவ. எங்கிட்ட சொன்னா என்னவாம்?

அண்ணி: ம்ம்… சரக்கு. மார்க்கைச் சொல்ல மாட்டேன். வச்ச சோதனையை வேணா சொல்றேன். ஒரு கோப்பை அறுவை சிகிச்சை வார்டுக்கு அனுப்பினேன். அங்க ஒருத்தர் அதை யார்கிட்டயும் சொல்லாம வேற துறைக்குக் கொண்டு போயிட்டாரு.

எறும்பு: நீங்க சொல்லித்தான?

அண்ணி: நான் சொல்லித்தான். ஆனா சொல்லாமலே தினம் நடக்கிறது அது. மூணு கம்பெனியையும் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டேன். இந்தக் கோப்பு இப்ப எங்க?

எறும்பு: என்ன சொன்னாங்க?

அண்ணி: முதல் கம்பெனி பாட்டெல்லாம் போட்டுப் படம் காட்டுச்சு. பதினாலாவது வரிசை, மூணாவது தட்டுன்னு பதில் வந்துச்சு. போய்ப் பாத்தா காத்து இருந்துச்சு. ரெண்டாவது கம்பெனிக்காரர் கோட்டு போட்டவர். திரையைத் திருப்பி, இதோ உங்க கோப்புன்னாரு. அது கோப்போட படம் சார், கோப்பு எங்கன்னு கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதானேன்னு சிரிச்சாரு.

எறும்பு: மூணாவது?

அண்ணி: இரு. கண்ணு ஏன் இப்படிப் பெருசாகுது? மூணாவதுக்கு ஒரு சின்னப் பொண்ணு வந்துச்சு. பாவம், குரலே வரல.

எறும்பு: அவ புதுசு அண்ணி, அதான்…

அண்ணி: புதுசா? உனக்கு எப்படித் தெரியும்?

எறும்பு: …குரல் வரலன்னு சொன்னீங்களே. புதுசாத்தான இருக்கணும்.

அண்ணி: ஓ. அந்தப் பொண்ணு கேள்வியத் தட்டினா. கடைசியாப் பாத்தது அறுவை சிகிச்சை வார்டு, செவ்வாய்க்கிழமை பத்து நாப்பது. அதுக்கப்புறம் தெரியாது. கேக்க வேண்டிய ஆள் இவர்னு ஒரு பேரு. அவ்வளவுதான் வந்துச்சு.

எறும்பு: தெரியாதுன்னு வந்ததுக்கு எல்லாரும் சிரிச்சிருப்பாங்க.

அண்ணி: ரெண்டு பேரு சிரிச்சாங்க. நான் எழுந்து நின்னுட்டேன். பத்தொன்பது வருஷமா இந்த அறையில காணாமப் போன கோப்புன்னு ஒண்ணு கிடையாது. இருக்க வேண்டிய இடத்துல இல்லாத கோப்புதான் உண்டு. அந்த வித்தியாசம் தெரிஞ்ச ஒரு மெஷினை அன்னைக்குத்தான் பாத்தேன்.

எறும்பு: எழுந்தா நின்னீங்க?

அண்ணி: நிக்க மாட்டேனா? நாலு மாசம் முன்னாடி நடந்தது உனக்குத் தெரியும்ல. ஒருத்தருக்கு ஒரு மருந்து ஆகாதுன்னு காகிதத்துல இருக்கு, கம்ப்யூட்டர்ல இல்ல. மயக்க மருந்து டாக்டர் பாத்தது கம்ப்யூட்டரை மட்டும். நான் கோப்பைத் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஓடினேன். ஊசி ஏறுறதுக்கு முன்னாடி போயிட்டேன். இன்னைக்குத் தப்பா ஒண்ண வாங்கிட்டா, அடுத்த தடவை ஓடுறதுக்கு நான் இருப்பேனோ மாட்டேனோ.

எறும்பு: அப்ப மேல போய்ப் பேசியிருக்கலாம்ல அண்ணி. நீங்க சொன்னா கேப்பாங்க.

அண்ணி: அதனாலதான் போகல. …வாங்க சார், உள்ள வாங்க.

தலைவர்: கூட்டம் முடிஞ்சுதும்மா. இவங்க?

அண்ணி: என் நாத்தனார் சார்.

தலைவர்: நாத்தனாரா? …உங்களுக்கு எத்தனை நாத்தனார்?

அண்ணி: ஒருத்திதான். அதுவே தாராளம்.

தலைவர்: அப்ப ரெண்டு பேரும் கேளுங்க. மூணாவது கம்பெனிதான். நாலு பேரும் ஒரே மனசாச் சொல்லிட்டாங்க. மயக்க மருந்து டாக்டர் தன் தாள்ல, தெரியாது என்று சொல்லத் தெரிந்தது இது ஒன்றுதான்னு எழுதியிருக்காரு.

எறும்பு: நாலு பேரா? அண்ணியோட மார்க்கு சார்?

தலைவர்: அதைத்தான் சொல்ல வந்தேன். போன வாரம் உங்க அண்ணி கைப்பட ஒரு கடிதம் குடுத்தாங்க. படிக்கிறேன். ‘மூன்றாவது நிறுவனத்தின் மென்பொருளில் என் கணவரின் தங்கையின் கை இருப்பதாக ஐயப்படுகிறேன். அவளிடம் கேட்டு உறுதி செய்ய மனமில்லை. ஆகவே என் மதிப்பெண்களைச் சேர்க்க வேண்டாம். கூட்டத்துக்கும் என்னை அழைக்க வேண்டாம்.’

எறும்பு: அண்ணி…

அண்ணி: என்ன அண்ணி? கடைச் சரக்கு எழுதறவளாம்.

தலைவர்: இருங்கம்மா, இன்னும் முடியல. அதுக்கும் ஆறு வாரம் முன்னாடி எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்துச்சு. இதையும் படிக்கிறேன்.

எறும்பு: சார், வேணாம் சார்…

தலைவர்: ‘தங்கள் பதிவறைப் பொறுப்பாளர் என் அண்ணி. நான் இந்த நிறுவனத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. செய்முறை விளக்கத்துக்கு நான் வரமாட்டேன். அவருடைய மதிப்பெண்களைச் சேர்க்காதீர்கள்; ஆனால் காரணத்தை அவரிடம் சொல்லாதீர்கள். தெரிந்தால் அவர் முழுவதும் விலகிவிடுவார். அவர் வைக்கும் சோதனையில் தேறாத எதையும் நாங்கள் விற்க விரும்பவில்லை.’

எறும்பு: அண்ணிகிட்ட சொல்லாதீங்கன்னுதானே எழுதினேன் சார்.

தலைவர்: பொறுப்பாளரம்மாகிட்ட இதை எப்படி மறைக்கிறதுன்னு ஆறு வாரம் தூக்கமில்ல. கடைசியில அவங்களே கடிதத்தோட வந்து நிக்கிறாங்க. இந்தாங்க, உங்க உறை. யாரும் பிரிக்கல. ஒரே ஒரு சந்தேகம்மா. இந்தக் கடிதம் காகிதம், அந்தக் கடிதம் கம்ப்யூட்டர். எதை எங்க வைக்கிறது?

அண்ணி: ரெண்டும் ஒரே விஷயம் சார். ஒரே கோப்பு. குடுத்துட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்.

தலைவர்: நல்லதும்மா. வரேன்.

எறும்பு: …கோவமா அண்ணி?

அண்ணி: தேறாத எதையும் விற்க விரும்பவில்லை… யாரு எழுதிக் குடுத்தா?

எறும்பு: நானேதான்.

அண்ணி: நல்லா எழுதியிருக்க.

எறும்பு: உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?

அண்ணி: அந்தப் பொண்ணு திரையில பதிலோட ஒரு சிவப்பு அட்டையக் காட்டின நிமிஷம். சிவப்பு யாரு வேணா வைப்பாங்க. வலது பக்க மேல் மூலைய வெட்டுறவங்க ரெண்டே பேரு. அதுல நான் சாஃப்ட்வேர் எழுதறதில்ல.

எறும்பு: விரலால தடவ முடியாத இடத்துல மூலைய எதுக்கு வெட்டறன்னு ஆபீஸ்ல எல்லாரும் கேட்டாங்க. அப்படித்தான் இருக்கணும்னு சொல்லிட்டேன். எங்கிட்ட இருந்த பழைய அட்டை ஒண்ண வச்சுப் பாத்துப் பாத்து வரைஞ்சேன்.

அண்ணி: தெரியும்.

எறும்பு: இப்பவாவது உறையைப் பிரிங்களேன். இனி யாரும் குத்தம் சொல்ல முடியாது.

அண்ணி: எதுக்குப் பிரிக்கணும்? போட்டவளுக்கு ஞாபகம் இருக்கு. நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது.

எறும்பு: …அந்த ஒண்ணை எதுக்குக் கொறைச்சீங்க?

அண்ணி: மூலை கோணலா இருந்துச்சு. எட்டாவது லீவுல வெட்டின அதே கோணல். கடிதத்துல ஐயம்னு எழுதினது சும்மா ஒரு மரியாதைக்கு.