கொட்டச் சொன்ன நீரைக் காத்த கைகளுக்கு

அருகே வாருங்கள், என் செல்லங்களே! நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். பக்லாவா இனிப்புத் தட்டு எங்கும் ஓடிப்போகாது. குடுவை கழுவும் மப்ரூக்கா நான் ஒரு கதை சொல்லப்போகிறேன். அது நஸீஹா அம்மையின் பணி நிறைவுக்கு நாங்கள் எழுதிய இந்த வாழ்த்து மடலுக்குள்ளேயே இருக்கிறது.

ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்து இறால் ஓட்டுக் குவியலில் இறங்கி, ஓட்டைக் கெட்டியாக்கும் கைட்டினைக் கரைத்துத் தின்னும் பாக்டீரியாவைக் கண்டெடுத்த எங்கள் கண்மணியே! முப்பத்தோராண்டு குளிர் அறையில் விரல் விறைக்க உழைத்து, அதன் நொதியைத் தூய்மை செய்த தூயவரே, நஸீஹா அம்மையே!

இயக்குநர் லம்ஜெத் எழுதித் தந்த மடல் தங்களை "அமைதியானவர், அடக்கமானவர்" என்றதோடு முடிந்தது; தங்கள் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை வாசிக்க மறுத்துவிட்டோம். வயிறு எரிகிறது!

நொதியைத் தாங்கள் பிரித்தெடுத்த அன்று நான் அங்கே நின்றேன். ஜெல் என்னும் களி நிரப்பிய கண்ணாடிக் குழாயில் கரைசலை ஊற்றினீர்கள். நொதி களியில் ஒட்டும், ஒட்டாமல் வழிவது கழிவு என்பது இங்கே எல்லாரும் வைத்திருந்த நம்பிக்கை.

"மப்ரூக்காம்மா, அந்தத் தண்ணியக் கொட்டிட்டு குடுவையக் கழுவுங்க," என்றார் இயக்குநர்.

சாய்க்கப் போன என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "கொட்டாதீங்கம்மா! ஒட்டாததெல்லாம் ஒதவாததுன்னு யார் சொன்னா?"

"ஆமா, சாக்கடையில தங்கம் தேடு!" என்று சிரித்தபடி போனார் அவர்.

கைட்டின் கலந்து பால்போல் வெளுத்த தட்டில் அந்நீரை ஒரு சொட்டு வைத்தீர்கள். மறுநாள் காலை அங்கே வெளுப்பு கரைந்து, தெளிந்த வட்டம் ஒன்று! நொதி வழிந்த நீரில்தான் இருந்தது. எந்தச் சூட்டில் உழைக்கும், எந்தப் புளிப்பில் ஓயும் என்று பதினான்கு மாதம் அளந்தவரும் தாங்களே.

ஆய்விதழில் கட்டுரை வந்தது. ஐந்து பெயர்கள். கொட்டச் சொன்னவர் பெயர் முதலில். காத்தவர் பெயர் எங்கும் இல்லை! "அவ உதவியாளர்தானே?" என்றாராம் இயக்குநர். தாங்களோ வாய் திறவாமல் குளிர் அறைக்குத் திரும்பினீர்கள். அதற்காகத் தங்கள் மேலும் கோபம் உண்டு, மகளே.

இதோ, தங்கள் பெயரைச் சேர்க்கக் கோரி ஆய்விதழுக்கு ஒரு கடிதம். பத்தொன்பது பேர் கையெழுத்திட்டோம். ஓரிடம் காலி. இயக்குநர் அவர்களே, பேனா தங்கள் தட்டருகே இருக்கிறது. அவ்விடம் நிரம்பும்வரை இம்மடலுக்கு மரச்சட்டம் மட்டுமே. கண்ணாடியை நான் துடைத்து வைத்துக் காத்திருக்கிறேன்.

அம்மையே, நோயின்றி நூறாண்டு வாழ்க! கேட்டிருந்த பிள்ளைகளே, உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் உழைப்பின் மேல் உங்கள் பெயரே நிற்கட்டும்.

இங்ஙனம்,
ஆய்வகத்தின் ஊழியர் பத்தொன்பதின்மர்