அகழித் தண்ணீர்

கெண்டை மீனைப் பிடித்த கையோடு சமைக்கக் கூடாது. இரண்டு நாள் நல்ல தண்ணீரில் விட்டால்தான் சேற்று வாடை போகும். இங்கே பலருக்கு அந்தப் பொறுமை இல்லை, எனக்கு உண்டு.

டோர்ட்மண்டுக்கு வெளியே இருக்கும் அந்தப் பழைய பிரபு மாளிகையில் மிச்சமிருப்பது ஒரு மூலைச் சுவரும், சுற்றிவர அகழியும், அகழிக்குக் கீழே மீன் குளங்களும்தான். குளங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உலகக் கிண்ண ஆரவாரமெல்லாம் அடங்கி இலை உதிரத் தொடங்கியதும், பெரிய குளத்தை வடியவிட்டேன். மீன் அள்ள உருத்திரமூர்த்தி அத்தானைத் துணைக்குக் கூப்பிட்டதும் நான்தான்.

அவர் என் அக்கா கிரிஜாவின் கணவர். மாத முடிவில் அவளைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்குக் குடிபோக இருந்தார். அக்காவின் மணிக்கட்டில் கன்றிப்போன அடையாளம் ஒன்றைக் கண்டிருந்தேன். அலமாரிக் கதவில் அடிபட்டது என்றாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். அவள் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். அந்த மனிதரோடு அவளைக் கடல் தாண்டி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நடுக்குளத்தில் சேறு ஆழம். வலையோடு நேரே போகச் சொன்னேன், போனார். தொடைவரை புதைந்துவிட்டார்.

"தம்பி, பலகையைப் போடடா. கால் எடுக்க ஏலாமக் கிடக்கு" என்றார், சிரித்துக்கொண்டேதான்.

பலகை என் காலடியில் கிடந்தது. நான் வடிகாலை அடைத்துவிட்டு அகழி மதகைத் திறந்தேன். எஞ்சிய மீன்களுக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது.

தண்ணீர் மெல்லத்தான் ஏறியது. முதலில் பகிடி என்று நினைத்தார். பிறகு என்னை வாயில் வந்தபடி ஏசினார். பிறகு அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். அவள் பெயரை அந்த வாயில் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

தண்ணீர் ஏறி மூழ்கினார் என்று உங்கள் பொலிஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் அவர் நெஞ்சோடு நின்றுவிட்டது. நான் படகில் போனேன். காப்பாற்ற வருகிறேன் என்று நினைத்துக் கையை நீட்டினார். துடுப்பால் தலையில் அடித்தேன். துடுப்பைப் பற்றிக்கொண்டார், விரல்கள் முறியும்வரை படகின் விளிம்பில் வைத்து இடித்தேன். பிறகு பிடரியில் துடுப்பை ஊன்றி, குமிழி அடங்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தேன். பொறுமையாகத்தான் செய்தேன்.

நேற்று அக்காவை என்னிடம் கூட்டிவந்தீர்கள். அவளுக்காகத்தான் என்று விளங்கப்படுத்தினேன்.

"அவர் என்னில ஒருநாளும் கை வைக்கேல்லையடா" என்றாள்.

பாவம் அக்கா. அவர் செத்த பிறகும் பயப்படுகிறாள்.