போர்வை கேட்ட கடிதங்கள்

தட்டச்சு இயந்திரத்தின் முன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தால் இடுப்பு வலி வராது. பதினோரு வருடமாக எனக்கு வந்ததில்லை. நீங்களும் சற்று நிமிர்ந்து உட்காருங்கள் ஐயா, சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமாகும்.

தண்டனை முகாமில் இருப்பவர்கள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களைத் திருத்துவது எங்கள் பிரிவின் வேலை. பசி, குளிர், நோய் ஆகிய மூன்றும் கடிதத்தில் இருக்கக் கூடாது. முன்பெல்லாம் அந்த வரிகளைக் கறுப்பு மையால் அடித்துவிடுவோம். கையெழுத்து மட்டும் மிஞ்சிய கடிதங்களைப் பார்த்து வீடுகளில் வீணாகக் கவலைப்பட்டார்கள். அதனால் அடித்த வரிகளுக்குப் பதில் மகிழ்ச்சியான வரிகளைச் சேர்த்து, புதிதாகத் தட்டச்சு செய்து அனுப்பும்படி உத்தரவு வந்தது.

முதல் மாதம் அழுதேன். மேலாளர் அம்மாள் என் தோளில் கை வைத்து, "அழுதுக்கிட்டே திருத்தினா மை பரவுதும்மா. வீட்லயே அழுதுட்டு வந்துடுங்க" என்றார். நியாயமான பேச்சு. ஒரு வாரம் எழுந்ததும் அழுதுவிட்டுப் புறப்பட்டேன். பிறகு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

என் தங்கையின் கணவர் பேருந்து ஓட்டுநர். தலைவரின் உரை ஒலிபரப்பாகும்போது வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினார். கூடவே ஒரு கொட்டாவியும் விட்டுவிட்டார். இரண்டு வருடம் முகாம்.

நான் அஞ்சலகத்தில் தபால் பிரிக்கிறேன் என்றுதான் தங்கை நினைத்திருந்தாள். மாப்பிள்ளையின் முதல் கடிதம் என் மேஜைக்கு வந்தது. 'கால் வீங்கியிருக்கு. குளிர் தாங்கல. கெட்டியா ஒரு போர்வை அனுப்பு.' ஒன்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு எழுதுகிற கடிதமா இது? விதிப்படி மூன்று வரியும் போக வேண்டும். 'உன் நினைப்பைப் போர்த்திக்கொண்டிருக்கிறேன், வேறென்ன வேண்டும்' என்று தொடங்கி, அவள் காது மடலைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடிதத்தோடு வந்தாள்.

"அக்கா, சாப்பிட்டியான்னுகூட ஒரு நாள் கேட்டதில்ல இந்த மனுஷன். இப்பப் படிச்சுப் பாரேன்."

"உள்ள போனா புத்தி வரும்னு சொல்வாங்க. இவருக்குக் கவிதை வந்திருக்கு."

"சும்மா கிண்டல் பண்ணாத" என்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"ஏதாச்சும் அனுப்பச் சொல்லியிருக்காரா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாமாம். என் நினைப்பே போதுமாம்."

அவள் மறுபடி தோடு போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். நானும் மாறினேன். என்னை யாரும் பெண் கேட்டு வந்ததில்லை ஐயா. அந்த நாட்களில் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அடுத்த கடிதத்தின் வரிகளை யோசித்துத் தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

இரண்டாம் கடிதத்தில் போர்வை என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார். மூன்றாவதில் அந்தச் சொல் மட்டும்தான் இருந்தது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பக்கக் காதல் கடிதம் எழுதுவது லேசான காரியமில்லை. எழுதினேன்.

நான்காவதாக வந்தது முகாம் மருத்துவரின் அச்சடித்த சீட்டு. மரணம் நோயின் கீழ் வருமா என்று விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். வரும் என்றே பட்டது. திருத்தி அனுப்பினேன். அதன் பிறகு வாரம் தவறாமல் தங்கைக்குக் கடிதம் போயிற்று.

இறந்தவர் பேரில் நாற்பத்தொரு அரசுத் தாள்களைப் பயன்படுத்தியதாக நீங்கள் குற்றப்பத்திரிகையில் எழுதியிருப்பது சரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் அவள் சந்தோஷத்துக்காகத்தான் செய்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவள் எழுதிய பதில்களும் என் மேஜை வழியாகத்தான் போக வேண்டும். நான் அனுப்பவில்லை, அவர் உயிரோடு இருந்தபோதும். அந்த மனுஷனுக்கு அவை என்ன புரிந்திருக்கும்? முதல் பதிலில் மட்டும், 'அங்க குளிருமே, போர்வை அனுப்பட்டுமா' என்று கேட்டிருந்தாள். பிறகு அந்த மாதிரிச் சில்லறை விஷயங்களை விட்டுவிட்டு மனம்விட்டு எழுத ஆரம்பித்தாள்.

என் அலமாரியிலிருந்து நீங்கள் எடுத்துவந்த அவள் பதில்களின் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் ஐயா. அவை எனக்கு வந்த கடிதங்கள்.