காலுக்குத் தெரிந்த பலகை

அக்கா: கண்ணை மூடுன்னு சொன்னேன்.

தம்பி: மூடிட்டுதான் இருக்கேன்.

அக்கா: ஒரு கண்ணு திறந்திருக்கு.

தம்பி: கடைக்காரர் எங்க நிக்கிறார்னு பாத்தேன். செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு அவர் பலகை மேல எல்லாம் ஏறி நிக்கிறோம். அவர் பார்வையே சரியில்ல.

அக்கா: நான் சொல்லிட்டேன்டா. பாய்மரப் படகுல உள் அறைக்குத் தரை போடணும், கால் வெச்சுப் பாத்துதான் எடுப்போம்னு.

தம்பி: அதுக்கு என்ன சொன்னார்?

அக்கா: 'பாருங்கம்மா'ன்னுட்டு உள்ள போயிட்டார். உள்ள போய் சிரிக்கிறார் போல... சரி விடு. இது எப்படி இருக்கு?

தம்பி: வழவழன்னு இருக்கு. குளியலறையில நிக்கிற மாதிரி.

அக்கா: மூங்கில் பலகை. விலை நம்ம கைக்கு அடங்கும்.

தம்பி: ஈரமானா அப்பா இதுல வழுக்கிக்கிட்டே கரைக்குப் போயிடுவார். அடுத்தது.

அக்கா: இது?

தம்பி: ஜில்லுன்னு இருக்கு. இது மரமே இல்ல.

அக்கா: வினைல். மேல மரம் மாதிரி அச்சடிச்சிருக்காங்க. பாக்க எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா, ரேகை எல்லாம் அப்படியே...

தம்பி: பாக்குறதுக்கு யார் இருக்காக்கா?

அக்கா: சரி, இறங்கு அதுலேர்ந்து.

தம்பி: கோச்சுக்காத. அப்பாவுக்கு இப்போ வெளிச்சம் எது, இருட்டு எதுன்னு மட்டும்தான் தெரியுது. அவரோட கண்ணு இப்போ கால்லதான் இருக்கு.

அக்கா: தெரியும்டா. கூடவே இருக்கிறவ நான். வாய் விட்டுச் சொல்லாத, அவ்வளவுதான்... இந்தா, இதுல நில்லு.

தம்பி: ஏய், இது பரவாயில்லையே!

அக்கா: லேமினேட். வீட்டுக்குப் போடுறது. படகுக்கு அடியில எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். ஒரு மழைக்காலத்துல டீயில ஊறின பிஸ்கட் மாதிரி ஆயிடும்.

தம்பி: மழைக்காலம் எதுக்கு? ஞாயித்துக்கிழமை அப்பா வர்ற ஒரு நாள் தாங்கினா போதும்.

அக்கா: ஒரு நாள் வந்துட்டு விட்டுடுவாராடா அவர்? நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறதே என்கிட்ட 'படகைப் பழுது பாத்தாச்சா'ன்னு கேக்கத்தான்.

தம்பி: தினமுமா?

அக்கா: தினமும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. உடனே நான் உனக்குப் போன் பண்றேன்ல?

தம்பி: அதுவும் சரிதான். அதுக்கு முன்னாடி நீ எனக்குப் போன் பண்ணதே இல்ல.

அக்கா: நீ எடுத்ததே இல்ல. அம்மா போனதுக்கு அப்புறம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கடைக்கு வந்திருக்கோமா சொல்லு?

தம்பி: ...இப்போ வந்திருக்கோம்ல.

அக்கா: டேய், நாம செய்றது சரியா?

தம்பி: எது?

அக்கா: வேற ஒரு படகை வாங்கி, அவரோட படகுன்னு சொல்லி...

தம்பி: மெதுவாப் பேசு.

அக்கா: நினைச்சா ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது.

தம்பி: வேற என்ன பண்றது? புயல் அடிச்சப்போ அவர் கண்ணுல கட்டோட ஆஸ்பத்திரியில படுத்திருந்தார். கயிறு அறுந்து படகு பாறையில மோதி நொறுங்கிடுச்சுன்னு அப்போ போய்ச் சொல்லியிருப்பியா?

அக்கா: பழுது பாக்க விட்டிருக்கோம்னு ஒரு வாரத்துக்குச் சொன்னோம்...

தம்பி: அந்தப் பொய் வளந்து வளந்து இப்போ ஒரு படகாவே ஆயிடுச்சு.

அக்கா: சிரிக்காத. படகுத்துறையில இருக்கிற அந்தக் காவலாளி?

தம்பி: வாயைத் திறக்க மாட்டேன்னு என் கையைப் பிடிச்சுச் சொன்னார். படகும் அதே அளவு, அதே மாதிரி, அதே வயசு. கைப்பிடி, ஏணி, படுக்கை எல்லாத்தையும் தடவிப் பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. தரை ஒண்ணுதான். எவனோ பிளாஸ்டிக் ஓடு ஒட்டி வெச்சிருக்கான்.

அக்கா: உள்ள கால் வெச்ச உடனே தெரிஞ்சிடும் அவருக்கு.

தம்பி: அதுக்குத்தானே வந்திருக்கோம். நீ கண்ணை மூடு. நம்ம தரை எப்படி இருந்துச்சு, சொல்லு.

அக்கா: தேக்கு. பட்டை பட்டையா. ஒவ்வொரு பட்டைக்கும் நடுவுல ஒரு கோடு. கட்டைவிரலை அதுல வெச்சா ஏணியிலேர்ந்து படுக்கை வரைக்கும் நேராப் போயிடலாம்.

தம்பி: நான் அதுல ரயில் விடுவேன்.

அக்கா: நான் ஸ்டேஷன் மாஸ்டர்.

தம்பி: மோசமான ஸ்டேஷன் மாஸ்டர். என் பிஸ்கட்டை எல்லாம் டிக்கெட்டுன்னு வாங்கித் தின்னவ.

அக்கா: மணலோட கால் வெச்சா அம்மா ரயிலையே நிறுத்திடுவாங்க. 'ரெண்டு பேரும் மேல போய்க் காலைக் கழுவிட்டு வாங்க!'

தம்பி: அப்பா விளக்கே போட மாட்டார், ஞாபகம் இருக்கா? இருட்டுல வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு நடப்பார். ஏணி, முனகுற பலகை, பள்ளம், படுக்கை...

அக்கா: பள்ளம்... அம்மா கையிலேர்ந்து இரும்புச் சட்டி விழுந்த இடம்.

தம்பி: அலை அடிச்சுதான் விழுந்துச்சுன்னு அம்மா சாதிப்பாங்க. அலையே இல்ல, நீதான் தூங்கிட்டேன்னு அப்பா சொல்வார்.

அக்கா: பல வருஷம் ஓடுச்சே அந்தச் சண்டை! ஆனா அவர் குதிங்காலுக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சு அது. அம்மா போனதுக்கு அப்புறம் படகுக்குப் போனா அங்கேயேதான் நிப்பார். ஒண்ணும் பேச மாட்டார்.

தம்பி: அந்தப் பள்ளத்தையும் போட்டுடலாம்க்கா. சட்டி என்கிட்டதான் இருக்கு.

அக்கா: என்ன பண்ணப் போறே?

தம்பி: அதே உயரத்துலேர்ந்து போடுவேன்.

அக்கா: உன் கால்ல போட்டுப்பே. முனகுற பலகைக்கு என்ன வழி?

தம்பி: ஒரு திருகாணியைத் தளர்த்தி விட்டா தானா முனகும். இறங்கின உடனே இடப்பக்கம்.

அக்கா: வலப்பக்கம்.

தம்பி: இடப்பக்கம்க்கா.

அக்கா: அதை மிதிச்சு எத்தனை தடவை மாட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா? வலம்.

தம்பி: நீ ஏணியைப் பாத்துக்கிட்டு இறங்குவே. உனக்கு வலம்னா...

அக்கா: அப்போ நீ எப்படி இறங்குவே?

தம்பி: நான் குதிப்பேன்.

அக்கா: எந்தப் பக்கம் பாத்து?

தம்பி: ...அது ஞாபகம் இல்ல.

அக்கா: நல்லா இருக்கு. தப்பான பக்கம் வெச்சா மொத்தமும் போச்சு. இவ்வளவும் பண்ணிட்டு... என்னால முடியாதுடா. பேசாமப் போய்...

தம்பி: இரு, இரு. அந்த மூலையில கிடக்கிறது என்ன?

அக்கா: ஏதோ பழைய வீட்டை இடிச்சு எடுத்த மாடிப்படியாம். விறகு விலைதான், யாரும் வாங்குறதில்லன்னார்.

தம்பி: அக்கா.

அக்கா: என்ன?

தம்பி: இங்க வந்து நில்லேன்.

அக்கா: தூசிடா... ஐயோ.

தம்பி: என்ன?

அக்கா: பேசாத. ஒரு நிமிஷம் பேசாம இரு... இதேதான். கொஞ்சம் சொரசொரப்பு, கொஞ்சம் வழவழப்பு. சூடும் இல்ல, ஜில்லுன்னும் இல்ல.

தம்பி: எத்தனை பேர் மிதிச்சுத் தேஞ்சதோ! தேக்குதான்க்கா. பட்டை பட்டையா அறுத்து, தேஞ்ச பக்கத்தை மேல வெச்சு, நடுவுல கோடு விட்டு ஒட்டணும். அடியில தண்ணி தாங்குற ப்ளைவுட்.

அக்கா: ஓரத்துல எல்லாம் வார்னிஷ் இழுத்துடணும். இல்லன்னா ஊறிடும். கூலியோட சேத்தா கட்டுப்படியாகுமா?

தம்பி: புதுத் தேக்குல கால்வாசி கூட ஆகாது.

அக்கா: அண்ணே! இந்தப் படிப் பலகை எல்லாத்தையும் எடுத்து வெச்சுடுங்க!

தம்பி: உன் போன் அடிக்குது.

அக்கா: அப்பா! என்ன பண்றது?

தம்பி: எடுக்கலன்னா பயந்துடுவார். ஸ்பீக்கர்ல போடு.

அப்பா: எங்கம்மா இருக்கே?

அக்கா: பேங்க்லப்பா. வரிசையில நிக்கிறேன்.

அப்பா: உன் தம்பி?

அக்கா: அவன் ஆபீஸ்ல இருப்பான்.

அப்பா: பேங்க்ல ரம்பம் ஓடுதே?

அக்கா: அது... பக்கத்துல ஏதோ கட்டட வேலைப்பா.

தம்பி: உஷ்... வெச்சுடுக்கா, வெச்சுடு.

அப்பா: ஆபீஸும் பக்கத்துலதான் இருக்கு போல.

தம்பி: அப்பா... நான் இப்போதான் வந்தேன். பேங்குக்கு.

அப்பா: நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் கேளுங்க. காவலாளி அன்னிக்கே எனக்குப் போன் பண்ணிட்டான். கயிறு அறுந்த மறுநாள் காலையில. பாவம், ஒரே அழுகை. டேய், சொல்லாதேன்னு நீ அவன்கிட்ட கேட்டதையும் அப்புறமாச் சொன்னான்.

அக்கா: அப்பா... நாங்க வந்து...

அப்பா: அழாதம்மா. கண்ணுல கட்டு பிரிக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.

தம்பி: தெரிஞ்சுக்கிட்டா தினமும் 'பழுது பாத்தாச்சா'ன்னு கேட்டீங்க?

அப்பா: நான் கேட்டாத்தானே அவ உனக்குப் போன் பண்றா?

அக்கா: அப்போ... இந்தப் படகு வேணாமாப்பா?

அப்பா: யார் வேணாம்னா? ஞாயித்துக்கிழமை சட்டையை எடுத்து வெச்சாச்சு. முனகுற பலகை அடுப்பு இருக்கிற பக்கம். இந்நேரம் அதுக்கு ரெண்டு பேரும் சண்டை போட்டிருப்பீங்க. பள்ளத்தை மட்டும் நீங்க போடாதீங்க. அது உங்க அம்மா போட்டது.