மனுவேலின் புதுப் படம்

போட்டோவில் என் மகன் மனுவேல் எப்போதுமே முறைத்த மாதிரிதான் விழுவான், ஐயா. நேரில் பார்த்தால் சிரித்த முகம். படம் எடுக்கிறவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் இவனுக்குக் கழுத்து விறைத்துவிடும்.

நின்றுகொண்டே கேட்க வேண்டாம், உட்காருங்கள். என் மூத்தவன் ரோச் இருந்தால் உங்கள் வயதுதான் இருப்பான். ஸ்டேஷன் வாசலில் உட்கார வைத்திருக்கிறீர்களே தேவமணி, எங்கள் அடுத்த வீட்டுக்காரி, அவளை முதலில் அனுப்பிவிடுங்கள். கைப்பிள்ளை பசித்து அழுகிறது. மனுவேலின் கண்ணுக்கு அவள் கொடுத்தது நல்ல பால்தான். நான் சொல்லி முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போகிறவர். ஒரு நாள் மூழ்கினார், கயிறு மட்டும் மேலே வந்தது. அதற்குப் பிறகு என் பிள்ளைகளைக் கடலில் கால் நனைக்க விடவில்லை. ரோச் பட்டாளத்துக்குப் போய் மலாயாச் சண்டையில் முடிந்துபோனான். எந்த மண்ணில் கிடக்கிறான் என்று சொல்லக்கூட ஆளில்லை. மனுவேலைச் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் உப்பு லாரியில் கிளீனராக விட்டிருந்தேன். வண்டி ஓட்டவும் படித்துக்கொண்டான். லைசென்ஸுக்கு எழுதிப் போட்ட சமயம், டைபாய்டு காய்ச்சலில் கிடந்து எழுந்து, உவரி அந்தோணியாருக்கு நேர்ந்தபடி மொட்டை போட்டிருந்தான். அந்தக் கோலத்திலேயே படம் எடுத்து ஒட்டிவிட்டார்கள். லைசென்ஸ் கைக்கு வந்த அன்றைக்கு நான் மெழுகுதிரி ஏற்றினேன். தரையில் ஓடுகிற வண்டி, பொழுது சாய வீடு திரும்புகிற பிள்ளை. ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும்.

இந்த வருஷம் பட்டாளத்துக்கு டிரைவர் எடுக்கிறவர்கள் துறைமுகத்துப் பக்கம் கூடாரம் போட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறான். லைசென்ஸை வாங்கிப் பார்த்தவர், "யாருலே இந்த மொட்டை? ஒன் தம்பியா?" என்று சிரித்தாராம். முகத்துக்கும் படத்துக்கும் ஒத்துவரவில்லை, ஆபீசில் புதுப் படம் ஒட்டிக்கொண்டு வா, வந்த உடனே எடுத்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

"யம்மா, நான் துப்பாக்கியா தூக்கப் போறேன்? இங்கன ஓட்டுத வண்டியத்தான் அங்கன ஓட்டப் போறேன்."

"ரோச்சும் இப்படித்தாம்லே ஒண்ணு சொல்லிட்டுப் போனான்."

"அண்ணன் நடந்து போனவன். நான் வண்டியோட போறவன். ஒரே மிதியா மிதிச்சு ஓடியாந்துருவேன்லா."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழ நினைக்கும்போது சிரிக்க வைத்துவிடுவான்.

கூடாரத்தைப் பிரிக்கும்வரை இவன் படம் எடுக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன், ஐயா. அவ்வளவுதான் நினைத்தேன்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் லாரியெல்லாம் இப்போது கரி எரித்துத்தான் ஓடுகிறது. கரித்தூள் கண்ணில் விழுந்து உறுத்தும். எங்கள் தெருவில் அதற்குத் தாய்ப்பால்தான் மருந்து. பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கில் தேவமணி கொஞ்சம் பீய்ச்சித் தருவாள். மனுவேல் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வான், நான் கண்ணில் விடுவேன். அந்தத் தடவை அவள் பாலில் எருக்கம்பால் ஒரு சொட்டு சேர்த்தேன். உப்பளத்துப் பாதை நெடுக எருக்கு நிற்கிறது, யாரும் நட்டதில்லை. இரண்டும் வெள்ளைதான்.

கண் சிவந்து வீங்கிப்போயிற்று. படம் எடுக்கிறவர், "செவந்த கண்ணு படத்துல கருப்பாத்தாம்டே விழும். ஆறட்டும், பொறவு வா" என்று திருப்பி அனுப்பினார். கூடாரமும் எட்டயபுரம் பக்கம் போய்விட்டது. மிஷன் ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை நான்தான் வேளை தவறாமல் விட்டேன். ராவும் பகலும் பக்கத்தில் இருந்து விசிறினேன். கண் நன்றாகவே ஆறிவிட்டது. அதுவும் நான் செய்ததுதான், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கூடாரம் திரும்பி வந்தது. இந்தத் தடவை அவன் காத்திருக்கவில்லை. படம் எடுத்து, ஆபீசில் கொடுத்து, ஒட்டி, கன்னத்தில் பாதி விழுகிற மாதிரி முத்திரையும் குத்தி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். ஆச்சரியம், முறைக்காமல் விழுந்திருந்தான். தெருவெல்லாம் காட்டினான்.

"மாப்பிள்ளக் களை வந்துட்டே கொழுந்தனாரே, பொண்ணு பாத்துரலாமா?" என்றாள் தேவமணி.

"மொதல்ல பட்டாளத்துச் சம்பளம் வரட்டும் மைனி. கறுப்பா இருந்தாலும் சரி, சமைக்கத் தெரியணும். எங்கம்மா வைக்கிற கொழம்பத் தின்னு தின்னுதான் நான் ஊரவிட்டே ஓடுதேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

திங்கட்கிழமை புறப்படுவதாக இருந்தது. சனிக்கிழமை அண்ணாச்சிக்குக் கடைசி லோடு அடித்துவிட்டு முகமெல்லாம் கரியோடு வந்தான். "யம்மா, கண்ணு உறுத்துது. மைனிட்டப் பால் வாங்கியாயேன்" என்றான். நான் கூப்பிடவில்லை, ஐயா. அவனாகத்தான் கேட்டான்.

போனேன். தேவமணி பிள்ளையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சங்கு நிறையத் தந்தாள். "ஊருக்குப் போற பிள்ள, நல்லா விடுங்க மாமி" என்றாள். கொல்லையில் முருங்கை மரத்தடியில் அதைக் கொட்டினேன். உப்பளத்துப் பாதைக்குப் போய் எருக்கை ஒடித்து, சங்கை நிரப்பிக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை எதையும் கலக்கவில்லை.

மடியில் தலை வைத்தான். இமையை அவனே விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டான். "ரெண்டுலயும் விடும்மா" என்றான். விட்டேன். துடித்தான். முன்னைவிடப் பலமாகத் துடித்தான். சிந்திவிடக் கூடாதே என்று தலையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, அம்மா" என்று என்னைத்தான் கூப்பிட்டான். இருக்கேம்லே, இங்கனதான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இனிப் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாரோ எதையோ விட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். மைனி கொடுத்த பால் என்று மனுவேல் சொல்ல, நீங்கள் அவளைக் கூட்டிவந்தீர்கள். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்கு வருகிறான். நான் பிசைந்து கொடுத்தால் தின்கிறான். விடிந்துவிட்டதா என்று என்னைக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறான். தபால்காரர் தெருவில் வந்தால் மற்ற தாய்மார்கள் வாசலுக்கு ஓடுகிறார்கள். நான் போவதில்லை. என் பிள்ளை உள்ளே இருக்கிறான்.

எங்கள் இரண்டு பேருக்கும் இனி கண் ஒன்றுதான், ஐயா, நான் அவனுக்காகவும் சேர்த்துப் பார்ப்பேன். கைநாட்டு எங்கே வைக்க வேண்டுமோ காட்டுங்கள். ஒரே ஒரு வேண்டுதல்தான். என்னை எந்த ஜெயிலில் போட்டாலும், அவனையும் என்கூடவே வைத்துவிடுங்கள். நான் இல்லாமல் அவனால் ஒரு நாள்கூட இருக்க முடியாது.