தரையில படுமுன்ன

இல்ல அண்ணாச்சி, எழுத்து சரியாத்தான் இருக்கு. கிளிஷ்ட. கல்லுல ஆல்வின்ங்கிற பேருக்குக் கீழ சின்னதா வெட்டுங்க.

அயர்லாந்துக்காரவுக பழைய பாசை. கேலிக்னு சொல்லுவாக. கெட்டிக்காரன்னு அர்த்தம். பாஸ்டரும் உங்கள மாதிரித்தான் முழிச்சாரு. கல்லறைத் தோட்டத்துல வசனம் இருக்கணும், புரியாத பாசை எதுக்கும்மான்னாரு. எம் மகனுக்குக் கெடச்ச ஒரே பட்டம் அதுதான். நான் ஒருநாளும் அவன அப்படிச் சொன்னதில்ல.

அங்க மீன்பிடிக் கப்பல்ல அவனுக்கு வேல. ஓனர் கெழவரு இவன் கைவேகத்தப் பாத்து அந்தச் சொல்லச் சொல்லிருக்காரு. இவன் சும்மா இருப்பானா, அது எங்கருந்து வந்த சொல்லுன்னு தோண்டிருக்கான். கிளிஸ்னா திடுக்குன்னு துள்ளுறதாம். அப்படித் துள்ளத் தெரிஞ்சவன்தான் கெட்டிக்காரனாம். போன்ல ஒரே சிரிப்பு. மூளை பெயிலும்மா, கை மட்டும் பாஸுன்னான்.

அந்தக் கைவேகம் ராஜபாளையத்துல வந்தது. நான் அங்க பேண்டேஜ் கம்பெனில துணி சுத்துற வேல. மம்சாபுரத்துலருந்து காலைல பஸ் ஏறுவேன், லீவுன்னா இவனும் கூட வேலைக்கு வருவான். சுத்துன துணிச்சுருள் கை நழுவுனா, தரையில படுமுன்ன புடிச்சிரணும். பட்டுட்டா அழுக்கு, கழிவுல போட்ருவாக. பத்தாவது முடிச்ச லீவுல இவன் விட்டுக்கிட்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் வெரல் முட்டியில ஸ்கேல் அடி. ஒரே வாரம். பொறவு கண்ணு பாக்குமுன்ன கை போயிரும்.

போன மாசம் வலைக்கயிறு நழுவி கடலுக்குள்ள ஓடிருக்கு. அங்க உள்ளவுக, கயிறு ஓடுனா வெலகி நின்னுருவாகளாம். போனாப் போகுது. அது அவுக பழக்கம். இவன் துள்ளிப் புடிச்சிருக்கான்.

கயிறு இவனயும் சேத்து இழுத்துட்டுப் போயிருச்சு.

இல்ல, பெட்டி எதுவும் வரல. ஒம்பது நாளு தேடிட்டு நிறுத்திட்டாக. கெழவரு எழுதுன கடுதாசி மட்டும் வந்துச்சு. அதுலயும் அந்தச் சொல்லுதான். குழி வெட்டல அண்ணாச்சி, கல்லு மட்டுந்தான் நடணும். எறந்த தேதிக்குக் கயிறு ஓடுன தேதியப் போடுங்க.

கீழ எம் பேரா? தெரியும், எல்லாக் கல்லுலயும் அன்புத் தாயார்னு இருக்கு, வரும்போதே பாத்தேன். இதுல ஞானபாக்கியம்னு வெட்ட வேண்டாம்.

அந்த ஸ்கேலு எங் கையிலதான் இருந்துச்சு.