மிளகோடு காய்ந்த சிப்

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்தது: "மிளகோட சேர்த்து அதையும் வெயில்ல காயப் போட்டுட்டனுங்க."

சொன்னவர் ஏரிப் பக்கம் வீடியோ கேம் கடை வைத்திருக்கும் பாய். மடியில் ஒரு தீப்பெட்டி. பக்கத்தில், பழைய கேம் மெஷின்களைப் பழுது பார்க்கும் பெண்.

"எதைங்க பாய்? மெமரி சிப்பையா?"

"ஆமாங்கம்மா. அதோட கம்பிக் காலெல்லாம் பச்சை பூத்து, திரையில வெறும் கோடா வந்துச்சு. ஈரம்னு நெனச்சேன். நல்லாக் காயட்டும்னு மேல இருந்த ஸ்டிக்கரையும் உரிச்சுட்டேன்."

"அட கடவுளே! அதுக்கு அடியில சின்னக் கண்ணாடி இருக்குதுங்களே, அதுல வெயில் பட்டுக்கிட்டே இருந்தா உள்ள இருக்கிற கேமே அழிஞ்சு போயிருமுங்க. அதை மறைக்கத்தானுங்க ஸ்டிக்கரு. புதுச் சிப்புல ஏத்தறதுக்கு எங்கிட்ட வேற காப்பியும் இல்லீங்க. எத்தனை நாள் காய வெச்சீங்க?"

"ஒரு வாரமுங்க."

அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆனா வெயில் எங்கீங்க வந்துச்சு? ஏழு நாளும் மஞ்சு மூடியே கெடந்துச்சு. மிளகு இன்னும் நொம்பப் பச்சையா இருக்குதுங்க."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"அப்படீன்னா கேம் பொழச்சிருக்குமுங்க பாய். ஊட்டுக்குப் போனதும் முதல் வேலையா புதுச் சிப்புல காப்பி எடுத்தர்றேன்."

அடுத்த கொண்டை ஊசி வளைவில் மஞ்சு விலகி, ஜன்னல் வழியே பளீரென்று வெயில் விழுந்தது. சிப் இருந்த தீப்பெட்டி மூடித்தான் இருந்தது. ஆனாலும் பாய் சட்டென்று ஷட்டரை இறக்கினார்.